‘ஒரு பாலம்கூட வெடிக்கலையே சார்!’



கொஞ்சம் நீளமான பதிவு. என் வரலாற்று வகுப்பையே பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் ‘ஆர்மி ஆஃப் ஷாடோஸ்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள் என்று இங்கே சொல்லியிருந்தேன். தமிழில் ‘நிழல்களின் படை’ எனலாம். ழான்-பியேர் மெல்வில் இயக்கி 1969-இல் வந்த படம். வாத்தியார் சொல்லிவிட்டார் என்பதற்காகப் பலர் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. ஆனால் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கருத்துகளைப் படித்ததும் எனக்கு இரண்டு நாள் தூக்கம் சரியில்லை.

குறிப்பாக இரண்டு கருத்துகள். ஒன்று, இப்போது வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் எழுதியது: “சார், ரெண்டரை மணி நேரம் பார்த்தேன். ஒரு பாலம்கூட வெடிக்கலை. ஒரு ரயில்கூடக் கவிழலை. கடைசியில சொந்த ஆளையே சுட்டுட்டுப் போறாங்க. இவங்களா வீரர்கள்?” இன்னொன்று, என் மச்சான் எழுதியது: “அந்தம்மா துரோகி. சுட்டது சரிதான். துரோகிக்கு வேறென்ன மரியாதை?” இரண்டுக்கும் நிறைய லைக்.

இரண்டையும் மறுத்துத்தான் எழுதுகிறேன். மச்சான், நீங்கள் வயதில் மூத்தவர். உங்கள் மேல் உள்ள மரியாதை அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் உங்களை விடப்போவதில்லை.

கதை முழுவதையும் சொல்லித்தான் வாதாட முடியும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்தபின் வாருங்கள்.

முதலில் பின்னணி. 1940 ஜூனில் பிரான்ஸ் ஆறே வாரத்தில் ஜெர்மனியிடம் விழுந்தது. மார்ஷல் பெத்தான் சமாதானம் பேசி, விஷி என்ற ஊரில் உட்கார்ந்து, ஹிட்லருக்கு ஒத்துழைக்கிற ஓர் அரசை நடத்தினார். டிகால் லண்டனுக்குப் போய், போர் முடியவில்லை என்று வானொலியில் அறிவித்தார். நாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு எதிர்த்தவர்கள் ஆரம்பத்தில் மிகச் சிலர்தான். அந்தச் சிலரைப் பற்றிய கதை இது. ழோசப் கெசெல் எழுதிய நாவல், போர் நடந்துகொண்டிருந்த 1943-இலேயே அல்ஜியர்ஸில் அச்சானது.

கெசெல் டிகாலின் அணியில் சேர்ந்தவர். மெல்வில்லும் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்தான். அவருடைய சொந்தப் பெயர் க்ரும்பாக், யூதக் குடும்பம். ‘மெல்வில்’ என்பது தலைமறைவு நாட்களில் அவர் வைத்துக்கொண்ட பெயர். அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் மேல் இருந்த பிரியத்தில் வைத்துக்கொண்டது. அவருடைய அண்ணன் 1942-இல் பிரனீஸ் மலையைக் கடந்து தப்பிக்கப் பார்த்தபோது, வழிகாட்டியாக வந்தவனே அவரைக் கொன்றுவிட்டான். லண்டனில் 1943-இல் கெசெலின் நாவலைப் படித்த மெல்வில், அதைப் படமாக்க 26 வருடம் காத்திருந்தார். படத்தில் டிகாலின் உளவுத்துறைத் தலைவராக ஒருவர் சிறிது நேரம் வருவாரே, அவர் நடிகர் இல்லை. கர்னல் பாஸி என்ற பெயரில் அந்த வேலையை உண்மையிலேயே பார்த்த ஆந்த்ரே தெவாவ்ரான்தான் அவராகவே வந்து நின்றிருக்கிறார்.

ஆக, படம் எடுத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். பாலம் வெடிக்கும் காட்சி வேண்டுமென்றால் அவர்களால் வைத்திருக்க முடியும். வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஏன் என்று யோசிக்க வேண்டாமா தம்பி?

படத்தில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? வானொலிக் கருவியைப் பெட்டிக்குள் ஒளித்து ரயிலில் கொண்டுபோகிறார்கள். ரயில் நிலையத்தில் சோதனை நடக்கிறது. முன்னே பின்னே தெரியாத ஒரு பெண்ணின் குழந்தையை ழான்-ஃப்ரான்சுவா தூக்கிக்கொண்டு, குடும்பஸ்தன் மாதிரி நடந்து வெளியே வந்துவிடுகிறார். ஒரு பிரபு, ராஜாவின் ஆட்சி திரும்ப வேண்டும் என்று நினைக்கிற பழைய பஞ்சாங்கம், தன் நிலத்தில் இங்கிலாந்து விமானம் இறங்க இடம் கொடுக்கிறார். ஒரு முடிதிருத்துபவர், தப்பி ஓடிவந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சவரம் செய்துவிட்டு, அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று வேறொரு கோட்டை எடுத்துக் கொடுக்கிறார். அவர் கடைச் சுவரில் பெத்தானின் படம் இருந்ததே, கவனித்தீர்களா? உள்ளே நுழைந்த ஜெர்பியேவுக்கும் நமக்கும் அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. அந்த மனுஷன் எந்தப் பக்கம் என்பது சுவரில் தெரியவில்லை, கையில்தான் தெரிந்தது.

எதிர்ப்பு இயக்கத்தின் அன்றாட வேலை பெரும்பாலும் இதுதான். கடிதம் கொண்டுபோவது, வீடு பிடிப்பது, போலி அடையாள அட்டை அடிப்பது, சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளை எல்லை தாண்டி அனுப்புவது. பாலம் வெடிக்க வேண்டுமென்றாலும், வெடிவைப்பவனுக்கு முந்தின நாள் இரவு யாராவது சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்திருக்க வேண்டும். நம் சினிமா அந்தச் சோறு போட்டவரைக் காட்டுவதில்லை. பாடப் புத்தகமும் காட்டுவதில்லை. நானும் 34 வருடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல்தான் பாடம் நடத்தினேன்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. பெயரைச் சொல்லாமல் இருப்பது.

பிடிபட்டவரிடம் கெஸ்டபோ கேட்டதெல்லாம் பெயரும் முகவரியும்தான். ஒரு பெயர் கிடைத்தால் அவரைப் பிடித்து அடுத்த பெயர். அப்படியே நூலைப் பிடித்துக்கொண்டு போய் முழு அமைப்பையும் அவிழ்த்துவிடலாம். அதனால்தான் ஒருவருக்கு மற்றவரின் உண்மைப் பெயர் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். பிடிபட்டால் ஒரு நாள், இரண்டு நாள் தாங்கு, அதற்குள் மற்றவர்கள் இடம் மாறிவிடுவார்கள் என்பதுதான் அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. காலத்துக்கும் தாங்கு என்று மனிதனிடம் கேட்க முடியாது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

உண்மை மனிதர்கள் சிலரைச் சொல்கிறேன். பியேர் ப்ரொஸொலெத், வரலாறு படித்த பத்திரிகையாளர். பிடிபட்ட பிறகு, சித்திரவதையில் எங்கே வாய் தவறிவிடுமோ என்று 1944 மார்ச் 22 அன்று பாரிஸில் கெஸ்டபோ கட்டடத்தின் மாடியிலிருந்து குதித்து இறந்தார். ழான் மூலான், மாவட்ட ஆட்சியர் போன்ற பதவியில் இருந்தவர். 1940 ஜூனில், பிரெஞ்சுப் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்கள் அட்டூழியம் செய்ததாக ஒரு பொய் அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்லி ஜெர்மானியர்கள் அடித்தார்கள். அன்று இரவு கண்ணாடித் துண்டால் தன் கழுத்தையே அறுத்துக்கொண்டார். பிழைத்தார். பிறகு எதிர்ப்பு இயக்கங்களை ஒன்று சேர்த்தார். 1943-இல் லியோன் அருகே பிடிபட்டு, கடைசிவரை எதையும் சொல்லாமல் இறந்தார். ழான் கவாயெஸ், கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி எழுதிய தத்துவப் பேராசிரியர். 1944-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். படத்தில் தலைவராக வரும் லூக் ழார்தி புத்தகப் பூச்சி மாதிரி இருக்கிறாரே, அவர் எழுதியதாகக் காட்டப்படும் புத்தகங்கள் கவாயெஸின் புத்தகங்கள்தான்.

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒருவரும் இருக்கிறார். மாஹேயில் பிறந்து, புதுச்சேரியில் படித்து, மேல்படிப்புக்குப் பாரிஸ் போன மிச்சிலோட் மாதவன். கம்யூனிஸ்ட். பிடித்து வைக்கப்பட்டிருந்தவர்களை 1942 செப்டம்பர் 21 அன்று பாரிஸை ஒட்டிய மோன்-வலேரியன் கோட்டையில் பிணைக்கைதிகளாகச் சுட்டார்களே, அந்த 46 பேரில் ஒருவர். ஜெர்மன் வீரர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு சினிமா தியேட்டரில் குண்டு வெடித்ததற்குப் பழிவாங்கல். படத்தின் கதை தொடங்குவது 1942 அக்டோபர் 20. மாதவன் இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாதவன் பெயரை நான் ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.

இனி மச்சானுக்கு வருகிறேன்.

துரோகி என்று சொன்னீர்கள். படத்தில் உண்மையிலேயே காட்டிக்கொடுத்த ஒருவன் உண்டு. துனா என்ற சின்னப் பையன். ஜெர்பியேவைப் பிடித்துக் கொடுத்தவன். மார்ஸேயில் கடலோரம் ஒரு வீட்டுக்கு அவனைக் கொண்டுபோகிறார்கள். துப்பாக்கியால் சுடுவதாக ஏற்பாடு. ஆனால் அன்று காலைதான் பக்கத்து வீட்டில் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள். சுவர் மெல்லிசு, சத்தம் கேட்டுவிடும். கத்தியும் இல்லை. அவன் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அவனை எப்படிக் கொல்வது என்று அவன் எதிரிலேயே பேசுகிறார்கள். கடைசியில் ஒரு துண்டால் கழுத்தை நெரிக்கிறார்கள். ‘முகமூடி’ என்று பட்டப்பெயர் கொண்ட இளைஞனுக்கு இதுதான் முதல் தடவை, அவனால் தாங்க முடியவில்லை. எங்களுக்கும் முதல் தடவைதான் என்கிறார் ஜெர்பியே.

அந்தக் காட்சியைப் பார்த்துக் கைதட்ட முடிந்ததா உங்களால்? கைதட்ட முடியாதபடிதான் மெல்வில் எடுத்திருக்கிறார். இசை இல்லை, வசனம் இல்லை, ஒழிந்தான் என்ற நிம்மதியும் இல்லை. உறுதியான துரோகிக்கே இந்தப் படம் நமக்குக் கொண்டாட்டம் தரவில்லை. அப்படியிருக்க மதில்த்தை எந்தக் கணக்கில் துரோகி என்றீர்கள்?

மதில்த் யார்? சிமோன் சிஞோரே நடித்த அந்த அம்மா, வெளியே பார்த்தால் சாதாரணக் குடும்பத்தலைவி. அவர் செய்கிற வேலை வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குழுவிலேயே மூளையும் நிதானமும் உள்ளவர் அவர்தான். லியோனில் பிடிபட்ட ஃபெலிக்ஸை மீட்க ஜெர்மன் நர்ஸ் உடையில், ஆம்புலன்ஸோடு சிறைக்குள்ளேயே போனவர். சுடும் மைதானத்தில் நின்ற ஜெர்பியேவைப் புகைக்குண்டு வீசி, கயிறு போட்டுத் தூக்கியவர். அவர் செய்த ஒரே தவறு, பர்ஸில் மகளின் புகைப்படத்தை வைத்திருந்தது. எடுத்துவிடுங்கள் என்று ஜெர்பியே எச்சரித்தார். அவரால் முடியவில்லை. பிடிபட்டபோது கெஸ்டபோவின் கையில் கிடைத்ததும் அந்தப் படம்தான். பெயர்களைச் சொல், இல்லாவிட்டால் உன் மகளைப் போலந்தில் விபச்சார விடுதிக்கு அனுப்புவோம் என்றார்கள்.

மச்சான், உங்கள் பர்ஸில் யார் படம் இருக்கிறது? எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு நீங்களே எடுத்துக் காட்டினீர்கள்.

மதில்த்தை வெளியே விட்டார்கள். அன்றே இருவர் பிடிபட்டார்கள். அவரைச் சுட வேண்டும் என்று ஜெர்பியே முடிவெடுக்கிறார். பைசன் என்ற முரட்டு ஆள், சொன்னதைச் செய்து பழகியவன், முடியாது என்கிறான். நம்மையெல்லாம் காப்பாற்றியவர், அவரைத் தொடமாட்டேன், நீங்கள் தொட்டாலும் விடமாட்டேன் என்கிறான். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ழார்தி வருகிறார். மதில்த்தால் தற்கொலை செய்துகொள்ளவும் முடியாது, செய்தால் மகள் கதி அதோகதி. அதனால் நம்மைச் சந்திக்க வழி செய்துகொடுத்து, நம் கையால் சாகவே வெளியே வந்திருக்கிறார் என்று அழகாக விளக்குகிறார். பைசன் ஒப்புக்கொள்கிறான். அவன் போன பிறகு ஜெர்பியே கேட்கிறார், இது உண்மையா என்று. ஊகம்தான் என்கிறார் ழார்தி. தர்க்கம் படித்த மனிதர், தன் தர்க்கம் கெட்டியில்லை என்று அவருக்கே தெரிகிறது. அதனால்தான் வரவே தேவையில்லாத தலைவர், தானும் அந்தக் காரில் ஏறி உட்கார்கிறார்.

1943 பிப்ரவரி 23, பட்டப்பகல், பாரிஸ் தெரு. கார் மெதுவாக அருகில் வருகிறது. மதில்த் பார்க்கிறார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது? நன்றியா, பயமா, அதிர்ச்சியா? நான் நான்கு முறை பார்த்துவிட்டேன், என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு ஒரே தடவையில் தெரிந்துவிட்டதா?

சுட்டது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சுடாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் பிடிபட்டிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? சரி என்றும் சொல்ல மாட்டேன். சுட்டவர்களே அப்படிச் சொல்லவில்லை. இந்தப் படத்தில் மதில்த்தைத் துரோகி என்று திட்டுகிற ஆள் யாரும் இல்லை. அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது, உயிர் போகிற இடத்தில் நின்றார்கள். அவர்களே பயன்படுத்தாத வார்த்தையை, சோபாவில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு நாம் எடுத்து வீசுகிறோம்.

நிஜத்திலும் அது அவ்வளவு சுலபமாக இல்லை. ழான் மூலானைக் காட்டிக்கொடுத்தவர் என்று ரெனே ஹார்தி என்ற எதிர்ப்பு இயக்கத்துக்காரர் மேல் குற்றம் சாட்டி, 1947-இலும் 1950-இலும் இரண்டு முறை வழக்கு நடத்தினார்கள். இரண்டிலும் விடுதலை. இன்றைக்கும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். நீதிமன்றமும் ஆவணமும் வைத்துக்கொண்டு அவர்களால் முடிக்க முடியாததை, நாம் குடும்ப வாட்ஸப் குழுவில் மாலை காபிக்குள் முடித்துவிடுகிறோம். இன்றைக்கு அண்டை வீட்டுக்காரர் துரோகி, நாளைக்கு ஒரு நடிகர் துரோகி, நாளன்றைக்குச் சொந்தத் தம்பி மகன்.

உண்மையான குற்றவாளிகளைப் பார்க்க வேண்டுமென்றால் படத்தின் ஆரம்பத்துக்குப் போங்கள். மழையில் ஒரு போலீஸ் வண்டி. ஜெர்பியே கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கிறார். கூட இருக்கும் காவலர் பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர் மாதிரிப் பேசுகிறார். வழியில் வண்டியை நிறுத்தி வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொள்கிறார். முகாமை நடத்துபவரும் பிரெஞ்சுக்காரர். பிடிபடும் ஜெர்மானியர்களை அடைக்கப் பிரான்ஸே கட்டிய முகாம் அது, இப்போது உள்ளே பிரெஞ்சுக்காரர்கள். அந்தக் காவலர் யாரையும் வெறுக்கவில்லை. கொடுத்த பெயர்ப் பட்டியலின்படி வேலை பார்க்கிறார்.

பட்டியல் என்றேன். 1940-இல் ஜெர்மானியர் உத்தரவுப்படி யூதர்களைக் கணக்கெடுத்து, பெயர், தெரு, நாடு, தொழில் வாரியாக அட்டைகளில் எழுதி அடுக்கி வைத்தது பாரிஸ் போலீஸ் தலைமையகம். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு பிரெஞ்சுப் போலீசாரே வீடு வீடாகப் போய் ஏறக்குறைய 13,000 பேரைப் பிடித்தார்கள். அதில் 4,000-க்கும் மேல் குழந்தைகள். அட்டை எழுதிய குமாஸ்தாக்களின் கையெழுத்து நன்றாக இருந்திருக்கும், அகர வரிசை பிசகியிருக்காது. இதில் பிரான்ஸ் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி வாய்திறந்து ஒப்புக்கொள்ள 1995 வரை ஆனது. ழாக் ஷிராக்தான் சொன்னார், 53 வருடம் கழித்து.

மகளுக்காக உடைந்துபோன ஒரு தாயைத் துரோகி என்கிறோம். மேலதிகாரி சொன்னார் என்று பெயர் எழுதிக் கொடுத்தவரை நல்ல ஊழியர் என்று வழியனுப்பி, மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுக்கிறோம். என் கோபம் இதுதான்.

அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களைத் திட்டினால் நான் யோக்கியன் இல்லை.

என் வகுப்பில் படித்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் கிளாஸ் லீடரைக் கூப்பிட்டு, “பேசுறவன் பேரை போர்டுல எழுது” என்பேன். திரும்பி வந்து, எழுதியிருந்த பெயர்களுக்கு ஆளுக்கு இரண்டு அடி. யார் பேசினான், என்ன பேசினான் என்று கேட்டதே இல்லை. லீடருக்குப் பிடிக்காதவன் பெயர் தினமும் போர்டில் இருந்தது. நட்பாக இருப்பவன் பெயர் இருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன், வகுப்பு அமைதியாக இருந்ததால். பள்ளிக்கூடத்தையும் கெஸ்டபோவையும் ஒரே தராசில் வைக்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி கெடவில்லை. ஆனால் பெயர் எழுதிக் கொடுப்பவன் நல்ல பையன், எழுத மறுப்பவன் திமிர் பிடித்தவன் என்ற பாடத்தைப் பதின்மூன்று வயதில் யார் கற்றுக்கொடுத்தது? நான்தான்.

ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் வகுப்பிலிருந்த உலக வரைபடம் கிழிந்துவிட்டது. துணியில் ஒட்டிய பெரிய வரைபடம், தலைமையாசிரியரிடம் மன்றாடி நான் வாங்கிவைத்தது. அப்போது அறையில் இருந்தவன் ஒரு பையன் மட்டும்தான் என்று தெரிந்தது. அவன் கிழிக்கவில்லை என்பது எனக்கே தெரியும், அவன் அந்த வரைபடத்தில் ஊர் தேடி விளையாடுகிறவன். “யார் செஞ்சான், பேரைச் சொல்லு, உன்னை விட்டுடறேன்” என்றேன். சொல்லவில்லை. மூன்று நாள் வராந்தாவில் முட்டி போட்டான். நான்காம் நாள் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் கூலி வேலைக்காரர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தார். வந்தவர் ஆசிரியர் அறை வாசலில், எங்கள் எல்லோர் எதிரிலும், பையனைச் செருப்பால் அடித்தார். பையன் அழுதான். ஆனால் பெயர் சொல்லவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று சக ஆசிரியர்களிடம் சொன்னேன். அடுத்த வருடம் அவன் எங்கள் பள்ளிக்கு வரவில்லை.

இருபது வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், நல்ல உத்தியோகத்தில் இருக்கும் இன்னொரு மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: “சார், அந்த மேப்பைக் கிழிச்சது நான்தான். அவன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை பாருங்க!” நானும் சேர்ந்து சிரித்தேன். பாயசம் வந்தது, சாப்பிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இந்தப் படத்தை நான் முதல் தடவை பார்த்தபோது, முடிவில் எழுத்துகள் வருமே, அதைப் படித்துக்கொண்டிருந்தேன். முகமூடி 1943 நவம்பரில் சயனைடு விழுங்கினான். பைசனை டிசம்பரில் ஜெர்மன் சிறையில் தலையை வெட்டினார்கள். ஜெர்பியே 1944 பிப்ரவரியில், சுடும் மைதானத்தில் இந்த முறை ஓடுவதில்லை என்று முடிவு செய்தார். லூக் ழார்தி 1944 ஜனவரி 22 அன்று சித்திரவதையில் இறந்தார், ஒரே ஒரு பெயரைச் சொன்ன பிறகு. அது அவருடைய சொந்தப் பெயர்.

அதைப் படித்ததும் எனக்கு வராந்தாதான் ஞாபகம் வந்தது. டிவியை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னாச்சு தாத்தா என்று பேத்தி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் படம் வந்தபோது பிரான்ஸிலேயே பலர் மதிக்கவில்லை. 1968 மே மாதக் கிளர்ச்சி முடிந்து ஒரு வருடம், டிகால் பதவி விலகி சில மாதம். படத்தில் டிகால் ஓரிடத்தில் வந்து பதக்கம் குத்துகிறார் என்பதற்காக, இது டிகால் பஜனை என்று அங்கிருந்த பெரிய சினிமாப் பத்திரிகை ஒதுக்கிவிட்டது. அமெரிக்காவில் திரையரங்குக்கு வரவே 2006 ஆனது. வந்த வருடம் நியூயார்க் விமர்சகர்கள் அதைச் சிறந்த அயல்மொழிப் படம் என்று தேர்ந்தெடுத்தார்கள், இயக்குநர் இறந்து 33 வருடம் கழித்து. ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை தம்பி. இன்னொரு தடவை பாருங்கள். இந்த முறை பாலத்தைத் தேடாமல் ழான்-ஃப்ரான்சுவாவைப் பாருங்கள். நண்பன் ஃபெலிக்ஸுக்கு உதவ, தன்னைத் தானே மொட்டைக் கடிதம் எழுதிக் காட்டிக்கொடுத்துச் சிறைக்குள் போகிறார். போவதற்கு முன், இயக்கத்திலிருந்து விலகுகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார். சிறையில், தன்னிடமிருந்த ஒரே ஒரு விஷ மாத்திரையை, என்னிடம் நிறைய இருக்கிறது என்று பொய் சொல்லி, சாகக் கிடக்கும் நண்பனுக்குக் கொடுக்கிறார். வெளியே இருப்பவர்களுக்கு அவர் பயந்து ஓடிப்போனவர். அவருடைய சொந்த அண்ணன்தான் இயக்கத்தின் தலைவர் என்பது அவருக்குத் தெரியாது. தம்பி என்ன ஆனான் என்பது அண்ணனுக்கும் தெரியாது. வீரம் என்றால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று நாம் நினைக்கிறோமே, அதை வைத்துக்கொண்டு இவரை எங்கே சேர்ப்பீர்கள்?

மச்சான், உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். கருத்து உங்களுடையது, மாற்றச் சொல்லவில்லை. சுட்டது சரி என்றே இருக்கட்டும். அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு: போர்டில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். வகுப்பு சத்தமாக இருந்தால் இருக்கட்டும்.

கடைசியாக, வரைபட விஷயம். அந்த பேட்ச் ஆட்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பையன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிழித்தது யார் என்றும் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். தயவுசெய்து இரண்டு பெயரையும் இங்கே எழுதாதீர்கள், யாரையும் டேக் செய்யாதீர்கள். அவனோடு தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவை மட்டும் அவனுக்கு அனுப்பிவையுங்கள். இப்போது அவனுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

தம்பி, தவறு என்னுடையது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு அருகதை இல்லை. உன் அப்பா இருந்தால் அவரிடமும் நேரில் வந்து சொல்ல வேண்டும். வரலாமா என்று மட்டும் யார் மூலமாவது சொல்லி அனுப்பு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்